மூன்றாம் இலக்கச் சட்டை

சேசு மரி சூசை

ஃபாரஸ்ட் கேட், இலண்டன்
20.10.1987

பாலேந்திரா அறிய, செபமாலைமுத்து சொல்லி எழுதுவிப்பது.

உன் கடிதமும் வீடியோ நாடாவும் கைக்கு வந்தன. கடிதத்தை வாசித்துக் காட்டியவர் என் மகள் றெஜினா வீட்டின் மேலறையில் வாடகைக்கு இருக்கிற கோபாலகிருஷ்ணன். கும்பகோணத்துக்காரர். பாதாள ரயிலில் டிக்கட் கொடுக்கிற வேலை. இதை எழுதுகிறவரும் அவர்தான். எனக்கு எழுத்துத் தெரியாது, மீன் விற்ற இடத்தில் பழகிய இலக்கம் மட்டும் தெரியும் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நான் சொல்வதை அப்படியே எழுதும் என்றால், இவர் அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைக்கிறார். ஆகையால் இந்தக் கடிதத்தில் மரியாதை கூடுதலாக இருந்தால் அது என்னுடையது என்று எண்ணாதே.

முப்பத்தைந்து வருஷம் உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. திடீரென்று ஒஹாயோவிலிருந்து ஒரு பொதி. பிரித்தால், தலையில் சட்டி கவிழ்த்த வெள்ளையரும் கறுப்பரும் ஒருவரையொருவர் முட்டி விழுத்துகிறார்கள். 'முத்து, இந்தக் கல்லூரிப் பொடியன்களில் மறித்து விளையாடுகிறவர்களைப் பார்த்து யார் திறம் என்று சொல்லு, உன் கண் எனக்கு வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். சுகமா என்று கேட்க மறந்துவிட்டாய். சுகம்தான். போன வெள்ளிக்கிழமை அடித்த புயலில் தெருவில் மூன்று மரம் சரிந்தது. வீட்டுக்கு ஒன்றும் இல்லை.

உன் நாடா இங்கத்தைப் பெட்டியில் ஓடவில்லை. படம் முழுக்க மழை பெய்தது. கிறீன் ஸ்ட்ரீட்டில் தமிழ்ப்பட வீடியோக் கடை வைத்திருக்கிற பரமேஸ்வரனிடம் கொண்டுபோனேன். "அண்ணை, அமெரிக்கா நாடா வேற, இங்கத்த நாடா வேற. ரெண்டு நாள் தாங்கோ, மாத்தித் தாறன்" என்றான். கடையின் பின்னறையில் இருந்து பார்த்தேன்.

இந்த அமெரிக்கன் ஃபுட்போல் எனக்குப் புதிதல்ல. ஞாயிறு பின்னேரங்களில் நாலாம் சனலில் பார்க்கிறேன். சத்தத்தைக் குறைத்துவிட்டால் விளங்கும். பந்து கையில் போனால் என்ன, நம்முடைய உதைபந்து மாதிரிக் காலில் போனால் என்ன, மறிக்கிறவன் வேலை ஒன்றுதான்.

முன்வரிசையில் முட்டுகிற நாலு பேரையும் விடு. அவர்களுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறவர்களில் ஐம்பத்து நாலாம் இலக்கக்காரனைப் பார். அவனுக்கு நண்டு என்று பெயர் வைத்திருக்கிறேன். வலது பாதத்தை வெளியே விரித்து வைக்கிறான். அதனால் நேராக ஓடும்போது பிந்துவான். பக்கவாட்டில் அவனை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் பந்துக்காரனின் கண்ணைப் பார்க்கிறார்கள். இவன் இடுப்பைப் பார்க்கிறான். கண் ஏமாற்றும், தோள் ஏமாற்றும். இடுப்புப் போகிற பக்கம்தான் ஆள் போவான்.

அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற நாற்பத்தேழு வடிவான பொடியன். பலமாக இடிக்கிறான். ஆனால் மற்றவன் பிடித்து நிறுத்திய பிறகு வந்து இடிக்கிறான். சனத்துக்கு அப்படிப்பட்டவனைத்தான் பிடிக்கும். உன்னையும் பிடித்தது.

இப்படிக்கு,
+
செபமாலைமுத்துவின் அடையாளம்


சிவமயம்

ஒஹாயோ
9.11.1987

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கண்டு அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. கடைசி வரியை நான் வாசிக்காதது போல் இருந்துவிடுகிறேன். மகள் சந்திரவதனாவும் மருமகனும் உன்னை விசாரித்தார்கள். மருமகன் இங்குள்ள கல்லூரியில் இரசாயனம் படிப்பிக்கிறார்.

முழு விபரமும் எழுதாதது என் பிழை. இங்கே கல்லூரியில் நாலு வருடம் விளையாடிய பையன்களைத் தொழில்முறைக் கழகங்கள் ஆண்டுதோறும் ஏப்ரலில் கூடி, வரிசைப்படி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். எடுபட்டவனுக்கு வாழ்க்கை. எடுபடாதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாரை எடுக்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் ஸ்கவுட். எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஹாலரன் அப்படி ஒருவர். மறிப்பாளர்களைப் பார்ப்பதுதான் அவருடைய பகுதி.

வேலிக்கரையில் ஆரம்பித்த பேச்சு. ஒருநாள் அவர் ஐம்பத்து நாலைப் பற்றிச் சொல்ல, அவன் கண்ணைப் பார்ப்பதில்லை, இடுப்பைப் பார்க்கிறான் என்று நான் சொன்னேன். கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ்டர் பாலா, இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். இப்போது அவருடைய நிலக்கீழ் அறையில் எனக்கென்று ஒரு தோல் கதிரை இருக்கிறது. சனிதோறும் போகிறேன். திரையில் படத்தை நிறுத்தி நிறுத்தி என் அபிப்பிராயம் கேட்கிறார். இலங்கையின் தேசிய அணியில் ஆடியவன் என்று தன் நண்பர்களுக்கு அறிமுகப்படுத்துகிறார்.

போன வாரம் நடந்த பெரிய ஆட்டத்தின் நாடாவை இத்துடன் அனுப்புகிறேன். யார் எத்தனை தரம் மறித்தார் என்ற கணக்குத் தாளும் இருக்கிறது. உன் கும்பகோணத்து நண்பர் வாசித்துக் காட்டுவார். நுணுக்கமாகப் பார்த்து எழுது. ஹாலரன் காத்துக்கொண்டிருக்கிறார்.

என்றும் அன்புடன்,
க. பாலேந்திரா


சேசு மரி சூசை

ஃபாரஸ்ட் கேட்
30.11.1987

பாலேந்திரா,

'இடுப்பைப் பார்க்கிறான் என்று நான் சொன்னேன்.' அந்த இடம் வந்ததும் கோபாலகிருஷ்ணனை நிறுத்தினேன். மறுபடி வாசியும் என்றேன். மறுபடியும் 'நான்' என்றுதான் இருந்தது. யாரடா அந்த நான்?

கோபாலகிருஷ்ணன் பேனையை மூடிவிட்டார். "கோபத்துல லெட்டர் போடாதீங்க சார். ரெண்டு நாள் கழிச்சுப் போடலாம்" என்றார்.

"முப்பத்தஞ்சு வருசம் கழிச்சுத்தான் தம்பி போடுறன். எழுதும்" என்றேன்.

எனக்கு எரிச்சல். ஒளிக்கவில்லை. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, றெஜினா டொக்டரிடம் கூட்டிப்போகப் பார்க்கிறாள். நீ சொல்லாத ஒன்றைச் சொல்லு: அந்தக் கதிரை என்ன நிறம்? சாய்ந்தால் சாயுமா? கால் நீட்ட இடம் இருக்கிறதா? பரமேஸ்வரன் கடையில் நான் இருப்பது பால் போத்தல் கூடையைக் கவிழ்த்து. எழும்பும்போது பின்பக்கம் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். கண் என்னுடையது. கதிரை உன்னுடையது.

தேசிய அணி ஆட்டக்காரன். நல்லது. அதைக் கேட்க எனக்கு எத்தனை வயது வரை விட்டுவைத்திருக்கிறார் கடவுள்.

(ஐயா, இந்த இடத்தில் இவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் எழுதவில்லை. மன்னிக்கவும். — கோ.)

இரண்டாவது நாடா பார்த்தேன். அதில் ஒன்று கண்டேன். உன் ஹாலரனும் காணவில்லை, கணக்கு எழுதினவனும் காணவில்லை, நீ எப்படியும் காணப் போவதில்லை. சொல்ல மாட்டேன். தோல் கதிரையில் இருந்து நீயே கண்டுபிடி.

+


சிவமயம்

ஒஹாயோ
10.1.1988

முத்து,

உன் கடிதம் என்னைப் புண்படுத்தியது. பதில் எழுதுவதில்லை என்றே இருந்தேன். தைப்பொங்கல் வருகிறது, மனதில் வைத்திருக்கக் கூடாது என்று சந்திரவதனா சொன்னதால் எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சொன்னதாகச் சொன்னது உண்மை. வெள்ளைக்காரரோடு பேசும்போது, 'இலண்டனில் ஒரு நண்பர், அவருக்கு ஒரு கண் உண்டு' என்று சுற்றி வளைக்க முடியாது. இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறாய். நீ எதையோ கண்டதாகச் சொல்வதையும் நான் நம்பவில்லை. நானும் ஹாலரனும் அந்த ஆட்டத்தை மூன்று தரம் பார்த்தோம்.

நிலைமை இதுதான். ஹாலரன் இந்தக் கல்லூரியில் ஒரு மறிப்பாளனைத்தான் தன் கழகத்துக்குச் சிபாரிசு செய்வார். ஐம்பத்து நாலு டார்னெல், நாற்பத்தேழு கிரேடி, இருவரில் ஒருவன். நாற்பது யார் தூர ஓட்டத்தில் கிரேடி வேகமானவன், உன் நண்டு பிந்திவிட்டான். அதைவிட, பெரிய ஆட்டத்தின் கணக்குத் தாளைப் பார். இரண்டாம் பாதியில் நாற்பத்தேழு ஒன்பது தரம் ஆளை விழுத்தியிருக்கிறான். ஐம்பத்து நாலுக்கு ஒன்றுமில்லை. வெறும் சைபர். கஷ்டமான நேரத்தில் காணாமல் போகிறவன் என்று ஹாலரன் எழுதிவிட்டார். பழைய பயிற்சியாளரைக் கேட்கலாம் என்றால், அந்த ஆட்டத்தில் தோற்றதற்காக அவரையும் அவருடைய ஆட்களையும் மார்கழியில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் நாலு திசையில் போய்விட்டார்கள். ஆகவே நாடாவும் தாளும்தான் சாட்சி.

என் அபிப்பிராயம் கேட்டார். கிரேடி என்று சொன்னேன். இது என் சொந்த அபிப்பிராயம், உன்னிடம் இரவல் வாங்கியதல்ல. டார்னெல் பாவம்தான். தகப்பன் இரும்பாலை மூடி வேலை இழந்தவர், மகன் கோடையில் அவரோடு கூரை போடப் போகிறானாம். ஆனால் பாவம் பார்த்து ஆள் எடுக்க முடியாது.

எரிச்சல் உனக்கு அன்றைக்கும் இருந்தது முத்து. நான் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறியபோது எங்கள் அணி முழுவதும் வழியனுப்ப வந்தது. நீ வரவில்லை.

க. பாலேந்திரா


சேசு மரி சூசை

ஃபாரஸ்ட் கேட்
14.2.1988

பாலேந்திரா,

சொல்ல மாட்டேன் என்று இருந்தேன். கூரை போடுகிற தகப்பன் கதையைக் கேட்ட பிறகு வாய் நிற்கவில்லை.

இரண்டாம் பாதியில் நாற்பத்தேழாம் இலக்கச் சட்டைக்குள் இருப்பது நண்டு.

நாற்பத்தேழுக்காரன் முதல் பாதி முடியுமுன்னே தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறான். அதன் பிறகு இரண்டு மோதல் தள்ளி, எதிர்ப்பக்கத்து உயரமானவன் ஒருவன் நண்டின் சட்டையைப் பிடித்துக் கழுத்திலிருந்து கிழிக்கிறான். இடைவேளை. பிறகு ஐம்பத்து நாலு வரவே இல்லை. நாற்பத்தேழு வருகிறான், வலது பாதத்தை விரித்து வைத்துக்கொண்டு. ஒரே ஒரு தரம் படம், வெளியே வந்தவர்கள் இருக்கிற வாங்கில் பக்கம் திரும்புகிறது. அங்கே ஒருவன் கழுத்தில் துவாயைப் போட்டு மேற்சட்டை இல்லாமல் இருக்கிறான். அவன்தான் உங்கள் கிரேடி. முகத்தை மூடி ஆடுகிற விளையாட்டில் இலக்கத்தைப் பார்த்து எழுதுகிறவன் எழுதிவிட்டான். நீ தாளைப் பார்த்தாய். எனக்குத் தாள் வாசிக்கத் தெரியாது, அதனால் காலைப் பார்த்தேன்.

நாடாவை நாற்பது தரம் ஓட்டியிருப்பேன். கடைக்கு வாடகைப் படம் எடுக்க வந்த சிவனேஸ்வரி ஒருநாள் பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, "இதென்ன முத்தண்ணை, இயக்கம் ட்ரெயினிங் குடுக்குதோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, அமெரிக்காவில ஒருத்தன்ர சட்டையை இன்னொருத்தன் போட்டிட்டான்" என்றேன். "அதுக்கோ மூண்டு கிழமையா இருக்கிறியள்?" என்றாள்.

மூன்று கிழமையா. முப்பத்தாறு வருஷமாக இருக்கிறேன்.

1952 ஆவணி, இரண்டாம் சனி, யாழ்ப்பாண முற்றவெளி. கொழும்பிலிருந்து மூன்று தெரிவுக்காரர் வந்து, ஒரு பெரிய குடைக்குக் கீழே இருந்தார்கள். கல்கத்தாவுக்குப் போகிற தேசிய உதைபந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டம். எனக்கு ஐந்தாம் இலக்கம், உனக்கு மூன்று. இடைவேளைக்குச் சற்று முன் உன் முழங்கால் புரண்டது, நீ வெளியே வந்தாய். அதே நேரம் கண்டிப் பக்கத்து நெட்டையன் ஒருவன் என் சட்டையை இடுப்பு வரை கிழித்தான். நீதான் கழற்றித் தந்தாய். "மச்சான், இதைப் போட்டுக்கொண்டு இறங்கு" என்றாய். உன் வியர்வையில் ஈரமாக இருந்தது. இரண்டாம் பாதி முழுக்க மூன்றாம் இலக்கத்தில் ஆடியவன் நான். பதினொரு தரம் மறித்தேன். ஒவ்வொன்றையும் எந்தக் காலால், எந்த இடத்தில் என்று இப்போதும் சொல்வேன். ஒவ்வொரு தரமும் தெரிவுக்காரரில் கண்ணாடி போட்டவர் குனிந்து தாளில் எழுதினார்.

பின்னேரம் ஒரு தாள் தந்தார்கள். கழகச் செயலாளராக இருந்த உன் மாமா அதை வாங்கி, இங்கிலிஷ் வாசிக்க உன்னிடம் தந்தார். நீ எல்லோருக்கும் கேட்க வாசித்தாய். கோல் காக்கிற கோலியின் பெயர் வந்தது. மறிக்கிற இடத்துக்கு, பெக் பாலேந்திரா என்று வந்தது. "என்ர பேர் இல்லையோ?" என்று கேட்டேன். "இல்லை மச்சான்" என்றாய்.

உன் மாமாவிடம் போனேன். "ஐயா, ரெண்டாம் பாதியில மூண்டாம் நம்பர் நான்" என்றேன். சிரித்தார். "கையெழுத்து வைக்கத் தெரியாத உன்னை எந்தக் கப்பலில ஏத்துறது?" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது. நீ கல்கத்தா போனாய், தேசிய ஆட்டக்காரன் என்று கொழும்பில் சுங்கத்தில் வேலை எடுத்தாய், வீடு கட்டினாய். நான் கடலுக்குப் போனேன்.

இப்போது கேட்பாய், அந்த டார்னெல் ஏன் தானே வந்து சொல்லவில்லை என்று. சொல்லியிருப்பான். யாரோ சிரித்திருப்பார்கள்.

அடுத்த வீட்டுக்குப் போ. சட்டைக்குள் இருந்தவன் யார் என்று ஹாலரனிடம் சொல்லு. கண்டவன் செபமாலைமுத்து என்றும் சொல்லு. இரண்டையும் சொல்ல வேணும்.

+


சிவமயம்

ஒஹாயோ
6.3.1988

முத்து,

நாடாவைத் திரும்பப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் ஒரே மாதிரித்தான் ஓடுகிறார்கள். வாங்கிலில் இருக்கிறவன் யாராகவும் இருக்கலாம்.

கிரேடிக்காக நான் பேசி இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஹாலரனின் அறிக்கை அவருடைய கழகத்துக்குப் போய்விட்டது. இப்போது போய், சட்டை மாறிவிட்டது என்று நான் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? இந்த ஊரில் ஆறு மாதம் பனி. பகலில் வீட்டில் யாரும் இல்லை. சனிக்கிழமை அந்த இரண்டு மணித்தியாலம்தான் எனக்கு மனிதர் முகம். உனக்கு அது விளங்காது, உன் தெருவில் இறங்கினால் பத்துத் தமிழர்.

1952 பற்றி எழுதியிருக்கிறாய். தாளில் உன் பெயர் இல்லை. நான் பொய் வாசிக்கவில்லை.

க. பா.


சேசு மரி சூசை

ஃபாரஸ்ட் கேட்
20.3.1988

பாலேந்திரா,

தெரியவில்லை என்கிறவனுக்குக் காட்டுகிறேன். கோபாலகிருஷ்ணன் பெட்டியின் மணிக்கூட்டைப் பார்த்து இலக்கத்தை எழுதுகிறார். பதினெட்டாம் நிமிஷத்தில் நிறுத்து. நண்டு ஐம்பத்து நாலில் நிற்கிறான். இடது கால் சப்பாத்துக்கு மேலே வெள்ளைத் துணி நாடா சுற்றியிருக்கிறது, ஒரு முனை அவிழ்ந்து தொங்குகிறது. ஐம்பத்தோராம் நிமிஷத்தில் நிறுத்து. அதே நாடா, அதே தொங்கல், மேலே நாற்பத்தேழு. இதற்கு என் கண் தேவையில்லை. சந்திரவதனாவுக்கும் தெரியும், உன் இரசாயன மருமகனுக்கும் தெரியும்.

என் தெருவில் பத்துத் தமிழர் என்கிறாய். போன மாதம் வீசா விசயமாகக் குரோய்டனுக்குப் போனேன். ஐந்து மணித்தியாலம் வரிசையில் நின்று, கடைசியில் கையெழுத்து வை என்றார்கள். விரலை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மை தேடி மூன்று மேசைக்குப் போனாள். வரிசை முழுக்கப் பார்த்தது. பின்னால் இருந்த நம்முடைய ஒருவன் சிரித்தான், உன் மாமா சிரித்த அதே மாதிரி. உனக்கு மனிதர் முகம் வேண்டும் என்பது எனக்கு விளங்குகிறது. அந்தக் கதிரை மேல் எனக்கு எரிச்சல் போகவில்லை, அதுவும் இருக்கிறது.

ஏப்ரல் வருகிறது. சொல்லாவிட்டால் இனி எழுதாதே. நாடாவும் அனுப்பாதே.

+


சிவமயம்

ஒஹாயோ
1.5.1988

அன்புள்ள முத்து,

இதை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். உனக்குப் போல எனக்கும் ஒருவர் எழுதித் தந்தால் இலேசாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் இலக்கங்களில் நிறுத்திப் பார்த்தேன். பதினெட்டு. ஐம்பத்தொன்று. தொங்கல் இருந்தது. கண்ட பிறகும் இரண்டு சனிக்கிழமை கதிரையில் போய் இருந்து, ஒன்றும் பேசாமல் வந்தேன். மூன்றாம் சனிக்கிழமை சித்திரை வருடப் பிறப்பு முடிந்து வந்தது. ஹாலரன், "மிஸ்டர் பாலா, உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். நாடாவைப் போடச் சொன்னேன். இரண்டு இடத்திலும் நிறுத்தினேன். அவர் எழுந்து திரைக்குக் கிட்டப் போனார்.  பிறகு கல்லூரியில் சட்டை சப்பாத்துப் பார்க்கிற கிழவருக்குப் போன் பண்ணினார். கிழிந்த ஐம்பத்து நாலாம் இலக்கச் சட்டை இன்னும் அவருடைய பெட்டியில் கிடக்கிறதாம். யாரும் கேட்கவில்லையாம், அதனால் அவர் சொல்லவில்லையாம்.

"இதை எப்படிக் கண்டீர்கள்?" என்று ஹாலரன் கேட்டார். நான் காணவில்லை என்றேன். இலண்டனில் இருக்கிற செபமாலைமுத்து கண்டான், இடுப்பைப் பற்றிச் சொன்னதும் அவன்தான் என்றேன். உன் பெயரை அவருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல ஐந்து நிமிடம் எடுத்தது.

டார்னெல் ஒன்பதாம் சுற்றில் எடுபட்டான். ஹாலரனின் கழகம்தான் எடுத்தது. ஒன்பதாம் சுற்று பெரிய இடமல்ல, ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிரேடியின் பெயர் வரவில்லை. டார்னெலின் தகப்பன் ஹாலரன் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று கை குலுக்கிவிட்டுப் போனார். நான் யன்னலால் பார்த்தேன். என்னைக் கூப்பிடவில்லை.

கதிரை மண்ணிறம். சாய்ந்தால் சாயும். நான் இப்போது போவதில்லை. ஹாலரன் உன் விலாசம் வாங்கிக்கொண்டார். அடுத்த பருவத்து நாடாக்களை நேரே உனக்கு அனுப்பப் போகிறாராம். எனக்கு எப்படி இருக்கிறது என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. இதற்காகத்தான் நாலு தரம் கிழித்தேன்.

தாளில் உன் பெயர் இல்லை என்று எழுதினேன். அது உண்மை. தாளில் ஒருவருடைய பெயரும் இல்லை. கொழும்புக்காரருக்கு எங்கள் பெயர்கள் தெரியாது. ஒன்று, மூன்று, எட்டு என்று மேலிருந்து கீழே இலக்கங்கள் மட்டும் எழுதியிருந்தார்கள். பெயர்களை நான்தான் சொன்னேன். மூன்று என்று கண்டதும் என் வாயில் என் பெயர் வந்தது. முதல் பாதிக்கா இரண்டாம் பாதிக்கா என்று தாளில் இல்லை, நானும் முதல் பாதியில் மோசமில்லை என்று எனக்கே பல வருடம் சொல்லிக்கொண்டேன். எந்தப் பாதி என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

நீ என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாய். தாள் உன் கண்ணுக்கு நேரே இருந்தது. ஒரு தரம் பார்த்திருந்தால் நீயே வாசித்திருப்பாய். எழுத்து என்று எண்ணி நீ மற்றப் பக்கம் திரும்பி நின்றாய். நீ திரும்பி நின்றதைப் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது.

உன் கண்ணைப் பார்த்து எனக்கு எப்போதும் எரிச்சல். கல்கத்தாவிலும் இருந்தது.

பாலேந்திரா


சேசு மரி சூசை

ஃபாரஸ்ட் கேட்
22.5.1988

பாலேந்திரா,

உன் கடிதத்தைக் கோபாலகிருஷ்ணன் இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் அந்த இடத்தை விட்டுவிட்டு வாசிக்கப் பார்த்தார். "பரவாயில்லை தம்பி, வாசியும்" என்று நான்தான் சொன்னேன்.

அந்தப் பின்னேரத்தில் எல்லாம் நினைவிருக்கிறது. குடையின் நிறம், உன் மாமாவின் வேட்டியில் இருந்த சேறு, கோட்டைப் பக்கம் பறந்த காகம் எத்தனை என்பது கூட. அந்தத் தாள் மட்டும் இல்லை. தேடிப் பார்த்தேன். தாள் இருக்க வேண்டிய இடத்தில் நான் பார்த்துக்கொண்டு நின்ற புளியமரம்தான் வருகிறது. நீ சொல்வது சரி. கடிதம், தாள், பலகை என்று எதைக் கண்டாலும் கழுத்து தானாகத் திரும்பும். இப்போதும் திரும்புகிறது. பஸ்ஸின் முன்னால் இலக்கம் இருப்பது தெரிந்தும் மற்றவரைக் கேட்டுத்தான் ஏறுகிறேன்.

இரண்டு கிழமை உன்னை மனதுக்குள் வைத்து ஏசினேன். கோபாலகிருஷ்ணன் எழுதக்கூடிய ஏச்சு ஒன்றும் அதில் இல்லை. மன்னித்தேன் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் பொய்.

ஹாலரனின் கடிதம் வந்தது. மேலே மெஷினில் என் பெயர் அடித்திருக்கிறது. நாடா புரட்டாசியில் வருமாம். றெஜினா பழைய சாய்கதிரை ஒன்று வாங்கி வந்து, "ஐயா, இனிப் பால் கூடை வேண்டாம்" என்றாள். அதைப் பரமேஸ்வரன் கடைப் பின்னறைக்கு ஏற்றினோம். மண்ணிறம்தான். நீ சனிக்கிழமைகளில் என்ன செய்கிறாய்? நாடா வந்தால் உனக்கும் ஒரு பிரதி தரச் சொல்லி ஹாலரனுக்கு எழுதுவிக்கிறேன். நீ பார்த்து உனக்குத் தெரிவதை எழுது, நான் பிழையைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று கேட்க வேணும். முப்பத்தாறு வருஷமாக ஒருவரிடமும் கேட்காதது. யாராவது கல்கத்தா என்று தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். நீ போய் வந்தவன். மைதானம் எப்படி இருந்தது? புல்லா, மண்ணா? சனம் எவ்வளவு? உனக்கு நேரே நின்ற வலது விங்காரன் யார், எந்தக் காலால் பந்தை எடுப்பான், உன்னை எப்படிக் கடந்தான்? கடந்திருப்பான், எனக்குத் தெரியும். ஒன்றும் விடாமல் எழுது. நான் எப்படி மறித்திருப்பேன் என்று சொல்கிறேன்.

இது வரை கோபாலகிருஷ்ணனின் கை. இனி எந்தக் கடிதத்திலும் சிலுவை போடுவதில்லை. பேனையை வாங்கி நானே எழுதுகிறேன், பார்.

3